முன்னுரிமை கொடுத்தாச்சு, ஆனால் யாரை முந்த?

லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமுக்கு, முன்னுரிமையைக் கூட்டுவது மிகச் சுலபம். ஒரு கட்டளை, நைஸ் என்ற ஒரு எண் (அது சிறிதாகச் சிறிதாக முன்னுரிமை கூடும்), ரூட் எனும் நிர்வாகியின் கடவுச்சொல், அவ்வளவுதான். சுலபம் என்பதாலேயே அதைக் கண்ட இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். கணினி திணறுகிறதா? எது அவசரமோ அதற்கு மைனஸ் 20, எது ஆறுதலாக நடக்கலாமோ அதற்கு 19. இந்த வைத்தியத்தை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், பல நேரம் பலிக்கவும் செய்யும். பலிக்காத நேரத்தில்தான் ஆட்கள் குழம்பிப்போய் மைனஸ் 20-க்கு மேலே ஏதாவது இருக்கிறதா என்று தேடத் தொடங்குகிறார்கள். அந்த எண் யாருடைய எண்ணோடு ஒப்பிடப்படுகிறது என்ற கேள்வி யாருக்கும் வருவதில்லை.

அக்காவின் மகன் திருமலையில், அதாவது திருகோணமலையில், கல்யாண வீடியோ எடுக்கிறவன். இப்போதெல்லாம் கல்யாணம் என்றால் மண்டபத்தில் இருப்பவர்களைவிட ரொறன்ரோவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருந்து பார்க்கிறவர்கள்தான் அதிகம், அதனால் நேரலை கட்டாயம். அதோடு இன்னொரு புதுப் பழக்கமும் வந்திருக்கிறது. காலையில் நடந்த சடங்குகளைச் சுருக்கி வெட்டி, மாலை வரவேற்பிலேயே பெரிய திரையில் போட்டுக் காட்ட வேண்டும். ஆகவே உப்புவெளிப் பக்கம் ஒரு மண்டபத்தில், மணவறையிலிருந்து பத்தடி தள்ளி, கதிரைகளுக்குப் பின்னால் ஒரு மேசை, அதில் ஒரு கணினிப் பெட்டி. உள்ளே ஒரே நேரத்தில் 8 த்ரெட் (வேலை இழை) ஓடக்கூடிய சிபியு, உபுண்டு 24.04 என்ற லினக்ஸ். ஒரு பக்கம் ஓபிஎஸ் என்ற புரோகிராம் நேரலையை அனுப்பிக்கொண்டிருக்கும். மறுபக்கம், இரண்டாவது கமராவின் மெமரி கார்டைச் செருகியதும் அதிலுள்ள கோப்புகளை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றி ஒவ்வொன்றாக எடுத்து மாற்றித் தரும். இந்த இரண்டாவது வேலையை அவன் ஒரு சிஸ்டம்டி சேவையாக (பின்னணியில் தானாக ஓடும்படி) எழுதி வைத்திருக்கிறான், பொடியன் கெட்டிக்காரன்.

கார்டைச் செருகின கையோடு வட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. "தம்பி, படம் நிண்டு நிண்டு வருது." "அய்யர் சொல்லுறது ஒண்டும் விளங்கேல்ல." மண்டபத்தில் உள்ள எல்லாருமே இணைய இணைப்பைத்தான் திட்டினார்கள், அது இயல்பு, இங்கே எது நடந்தாலும் முதல் குற்றவாளி சிக்னல்தான். ஆனால் ஓபிஎஸ்ஸில் புள்ளிவிவரப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து பார்க்கிறவர்கள் குறைவு. ஃப்ரேம் எதனால் போனது என்று அது பிரித்துச் சொல்லும்: வலையமைப்பில் விழுந்தவை ஒரு வரி, என்கோடிங் (படத்தைச் சுருக்கி அனுப்பத் தயார்செய்வது) பிந்தியதால் தவறியவை ஒரு வரி. வலையமைப்பு வரி பூச்சியத்திலேயே இருந்தது. என்கோடிங் வரி நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒன்றுக்கு 40 மில்லிசெகண்ட். அதற்குள் முடிக்க என்கோடருக்கு சிபியு கிடைக்கவில்லை.

"மாமா, சேவைக்கு நைஸ் 19 குடுத்திருக்கிறன். ஓபிஎஸ்ஸுக்கு சூடோ போட்டு மைனஸ் 20-உம் குடுத்திட்டன். ஒண்டும் மாறேல்ல" என்றான்.

காகிதத்தில் பார்த்தால் அவன் செய்தது சரி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒவ்வொரு நைஸ் எண்ணையும் ஒரு எடையாக மாற்றி வைத்திருக்கிறது. 0-க்கு 1024. அங்கிருந்து ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 1.25 மடங்கு கூடும் அல்லது குறையும். 1 என்றால் 820, 10 என்றால் 110, 19 என்றால் வெறும் 15. மறுகோடியில் மைனஸ் 20-க்கு 88761. ஒரே கோரில் இரண்டு ப்ராசஸ் இடைவிடாமல் ஓட நினைத்தால் இந்த எடைகளின் விகிதப்படி நேரம் பிரியும். 0-உம் 1-உம் மோதினால் ஏறக்குறைய 55-க்கு 45. 0-உம் 19-உம் மோதினால் 19-க்குக் கிடைப்பது ஒன்றரை வீதம்கூட இல்லை. மைனஸ் 20-உம் 19-உம் மோதினால் கணக்குப் பார்க்கவே தேவையில்லை. இந்த அட்டவணையில் எனக்குப் பிடித்த விஷயம், 0-க்கும் 1-க்கும் உள்ள விகிதமும் 10-க்கும் 11-க்கும் உள்ள விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். தனி எண்ணுக்குப் பெறுமதி கிடையாது, இடைவெளிக்குத்தான் பெறுமதி. 2007-இல் இங்கோ மோல்னார் எழுதிய சிஎஃப்எஸ் ஷெட்யூலர் (யாருக்கு எப்போது சிபியு என்று முடிவுசெய்யும் பகுதி) 2.6.23 கெர்னலில் வந்ததிலிருந்து நடைமுறை இதுதான்.

அப்படியென்றால் ஏன் வேலை செய்யவில்லை? சிஸ்டம்டி-சிஜிடாப் என்ற கட்டளையை ஓடவிட்டேன். அது ப்ராசஸ்களைக் காட்டாது, அவை அடைபட்டிருக்கும் குழுக்களைக் காட்டும். சிஸ்டம்.ஸ்லைஸ் 400 வீதத்தை ஒட்டி, யூசர்.ஸ்லைஸ் 400 வீதத்தை ஒட்டி. 8 த்ரெட்டுக்கு மொத்தம் 800. கத்தியால் வெட்டினது போலச் சரிபாதி.

மதியப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபக்காரர் இரண்டு வரிசை போட்டு, ஒன்று பெண் வீட்டாருக்கு, ஒன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டு வரிசையில் ஒரு பெரியவர், "நான் கடைசியா இருக்கிறன், நீங்கள் எல்லாரும் சாப்பிடுங்கோ" என்று ஒதுங்கி நிற்கிறார். அந்தப் பெரியமனசால் இடம் கிடைப்பது பெண் வீட்டுக்காரருக்குத்தான், மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒரு இலைகூட அதிகரிக்காது. பெண் வீட்டில் பசித்தவர் வேறு யாருமே இல்லையென்றால் அந்த ஒதுங்கி நின்றவரே முழு வரிசையையும் சாப்பிடுவார்.

நடந்தது அதுதான். சேவையாக ஓடும் எஃப்எஃப்எம்பெக் சிஸ்டம்.ஸ்லைஸ் குழுவில். மேசைத்திரையிலிருந்து திறந்த ஓபிஎஸ் யூசர்.ஸ்லைஸ் குழுவில். கெர்னல் முதலில் குழுக்களுக்கு இடையில் பிரிக்கும், அங்கே நைஸ் எண் கணக்கில் இல்லை, குழுவின் எடை மட்டும்தான். அந்த எடை 1-இலிருந்து 10000 வரை போகலாம், யாரும் தொடாவிட்டால் எல்லாக் குழுவுக்கும் 100. நூறும் நூறும் மோதினால் பாதி பாதி. பிறகுதான் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் நைஸ் பேசும். எஃப்எஃப்எம்பெக்கின் 19 தன் குழுவில் தூங்கிக்கொண்டிருந்த சில சேவைகளுக்கு வழிவிட்டது, ஓபிஎஸ்ஸின் மைனஸ் 20 மேசைத்திரையை முந்தியது. நேரலைக்குத் தேவைப்பட்டதோ மொத்த சிபியுவில் பாதிக்கு மேல்.

இதே குழி இன்னொரு பெயரிலும் இருக்கிறது. 2011-இல் 2.6.38 கெர்னலோடு ஆட்டோகுரூப் என்று ஒன்று வந்தது, மைக் கால்ப்ரெய்த் எழுதியது. ஒரு டெர்மினலில் பல த்ரெட்டில் கெர்னலைக் கம்பைல் செய்துகொண்டே பக்கத்தில் வீடியோ பார்க்கலாம் என்பதற்காக, ஒவ்வொரு செஷனையும் தானாகவே ஒரு குழுவாக்கிவிடும் ஏற்பாடு. உண்மையில் அருமையான வேலை, அந்த நேரத்தில் எல்லாரும் கொண்டாடினார்கள். ஆனால் அது இயங்கும் கணினியில் ஒரு டெர்மினலில் நைஸ் 19 போட்ட வேலை, அடுத்த டெர்மினலில் ஓடும் வேலைக்கு வழிவிடாது. கையேட்டுப் பக்கத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். நைஸ் என்றால் என்னவென்று விளக்கும் பாடங்களில் மட்டும் இது வருவதேயில்லை. இங்கே உயர்தர ஐசிடி படிக்கும் பிள்ளைகள் ப்ராசஸ் நிலைகளின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள், கம்பஸுக்குப் போனால் ரவுண்ட் ராபினுக்குக் காண்ட் அட்டவணை கீறுவார்கள். எல்லாப் ப்ராசஸும் ஒரே வரிசையில் நிற்கிற உலகம் அது. இன்றைக்கு நம் கையிலுள்ள லினக்ஸ் கணினிகளில் வரிசை ஒன்றல்ல, வரிசைக்குள் வரிசை, அதற்குள் இன்னொன்று.

சரி, குழுவின் எடையைக் குறைத்தால் போதும்தானே? பொடியன் உடனே சேவைக் கோப்பைத் திறந்து சிபியுவெயிட் 5 என்று போட்டான். ஒன்றும் நடக்கவில்லை! அந்தச் சேவை இருப்பது சிஸ்டம்.ஸ்லைஸுக்கு உள்ளே. அதன் எடை 5 என்பது அதே ஸ்லைஸில் உள்ள மற்றச் சேவைகளோடு மட்டும் ஒப்பிடப்படும். வெளியே சிஸ்டம்.ஸ்லைஸ் இன்னும் நூறாகத்தான் நிற்கிறது. நைஸில் இருந்த பிரச்சினையே ஒரு மாடி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆகவே ரெண்டர்.ஸ்லைஸ் என்று புதிதாக ஒன்றை எல்லாவற்றுக்கும் மேல் மட்டத்தில், யூசர்.ஸ்லைஸின் பக்கத்திலேயே உருவாக்கி, அதற்கு எடை 5 கொடுத்து, சேவையை அதற்குள் நகர்த்தினோம். டீமனை ரீலோட் பண்ணி, சேவையைத் திரும்ப ஓடவிட்டதும் ஓபிஎஸ்ஸின் அந்த வரி அப்படியே நின்றுவிட்டது. எடை 5 என்பதற்காக எஃப்எஃப்எம்பெக் பட்டினி கிடக்கவும் இல்லை. இந்த எடைகள் போட்டி வரும்போது மட்டும்தான் பேசும், நேரலை தன் பங்கை முழுதாக எடுக்காத ஒவ்வொரு கணமும் மிச்சத்தை அது வழித்து எடுத்துக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டியது, யாரையும் மேலே தூக்கவில்லை. அவசரமில்லாததைக் கீழே இறக்கினோம். மைனஸ் 20-ஐயும் பிறகு எடுத்துவிட்டேன். என் அபிப்பிராயத்தில் மைனஸ் பக்கம் போக வேண்டிய தேவை வீட்டுக் கணினியில் அனேகமாக வராது. ரூட் இல்லாத பயனர் தன் ப்ராசஸை இறக்கலாம், ஏற்ற முடியாது என்று யுனிக்ஸ்காரர்கள் ஆதியிலேயே வைத்த விதியில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் இருபது இருபத்தைந்து வயதில் யாருக்கு இறக்குவதில் ஆசை? அடுத்து அவன் கேட்டது, "மாமா, ரியல்டைம் குடுத்தால் என்ன?" ரியல்டைம் என்பது சாதாரண ப்ராசஸ்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடும் தனி வகுப்பு, அதில் ஃபிஃபோ என்ற முறையில் 99 கேட்டான். இங்கே எண் தலைகீழ். நைஸில் சிறிய எண் பெரியவன், ரியல்டைமில் 1-இலிருந்து 99 வரை, பெரிய எண்தான் பெரியவன். அதைவிட முக்கியமான வித்தியாசம், இது பங்குபோடும் கதையே இல்லை. ஷெட்-ஃபிஃபோவில் ஓடும் த்ரெட், தானாகத் தூங்கினால் அல்லது தன்னைவிடப் பெரிய எண் வந்தால் ஒழிய சிபியுவை விடாது, கீழே நிற்கிற சாதாரண ப்ராசஸ்கள் எத்தனை இருந்தாலும் சரி. ஒரு பாதுகாப்பு மட்டும் உண்டு: எங்கள் பெட்டியில் ஓடும் கெர்னலில் ஒவ்வொரு விநாடியிலும் 0.95 விநாடிக்கு மேல் ரியல்டைம் த்ரெட்கள் எடுக்க முடியாது, மிச்ச 5 வீதத்தில்தான் நீங்கள் அந்தப் ப்ராசஸைக் கொல்லும் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். வீடியோ என்கோடர் போன்ற சிபியு தின்னியை அங்கே வைத்தால், வலையமைப்பு வேலைகளில் ஒரு பகுதியைச் செய்யும் கேசாஃப்ட்ஐஆர்க்யூடி என்ற கெர்னல் த்ரெட் சாதாரண நைஸ் 0-வில் காத்துக்கிடக்கும். ஃப்ரேம் எல்லாம் நேரத்துக்குத் தயாராகிவிடும், ரொறன்ரோவுக்கு அனுப்பத்தான் ஆள் இருக்காது.

ரியல்டைம் என்பது கொஞ்ச நேரம் ஓடி உடனே தூங்கப் போகிற வேலைக்கு. ஒலி அட்டைக்குச் சத்தம் ஊற்றுகிற த்ரெட் அப்படிப்பட்டது, அதற்குக் கொடுப்பது நியாயம். விண்டோஸ்காரர்களும் சிரிக்க வேண்டாம். அங்கே 0 முதல் 31 வரை மட்டங்கள், 16-உம் அதற்கு மேலும் எல்லாம் ரியல்டைம், டாஸ்க் மனேஜரில் வலது சொடுக்கில் அந்தச் சொல் பளிச்சென்று நிற்கிறது. விண்டோஸின் கூடுதல் கருணை, சாதாரண மட்டத்தில் ஒரு த்ரெட் ஏறக்குறைய 4 விநாடி சிபியு கிடைக்காமல் காத்திருந்தால் அதைத் தேடிப்பிடித்துக் கொஞ்ச நேரத்துக்கு 15-க்கு உயர்த்திவிடும்.

எண்ணை உயர்த்தினால் எல்லாம் சரி என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் கதை செவ்வாயில் நடந்தது. நாசாவின் பாத்ஃபைண்டர் 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கியது. சில நாட்களில் வானிலைத் தரவுகளைச் சேகரிக்கத் தொடங்கியதும் கணினி தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. உள்ளே விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளம், முன்னுரிமைகள் எல்லாம் யோசித்துத்தான் போட்டிருந்தார்கள். தகவல் பஸ்ஸை (பாகங்களுக்கு இடையே தகவல் ஓடும் பாதையை) கவனிக்கும் வேலை உயரத்தில், தொடர்பாடல் நடுவில், வானிலை அடியில். வானிலை வேலை ஒரு பூட்டை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் வைத்திருக்கக்கூடியது) எடுத்து வைத்திருந்த நேரத்தில் பஸ் வேலைக்கும் அதே பூட்டு தேவைப்பட்டது. காத்திருக்க வேண்டியதுதான், சிறிய காத்திருப்பு, பாதகமில்லை. ஆனால் அந்த இடைவெளியில் நடு மட்டத்துத் தொடர்பாடல் வேலை எழும்பி, தன்னைவிடச் சிறியவனான வானிலையைத் தள்ளிவிட்டு ஓடத் தொடங்கியது. வானிலை ஓடாவிட்டால் பூட்டு திறக்காது, பூட்டு திறக்காவிட்டால் எல்லாருக்கும் பெரியவன் நகர முடியாது. பஸ் வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று கண்டதும் வாட்ச்டாக் என்ற காவல் ஏற்பாடு முழுக் கணினியையும் ரீசெட் பண்ணியது.

பூமியில் இருந்த அதே மாதிரிக் கணினியில் அதைத் திரும்ப நிகழவைத்துப் பிடித்தார்கள். திருத்தம் சின்னது: பூட்டு வைத்திருப்பவனுக்கு, காத்திருப்பவனின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கடன் கொடுக்கும் வசதி விஎக்ஸ்வொர்க்ஸில் ஏற்கெனவே இருந்தது, அந்தப் பூட்டுக்கு அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது, செவ்வாய்க்கு ஆணை அனுப்பி அதைப் போட்டுவிட்டார்கள். அந்த முறையை ஆராய்ந்து 1990-இல் கட்டுரை எழுதிய மூவர் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. நடுவில் உள்ள பெயரைப் பார்த்து நம்மவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். லினக்ஸிலும் 2006-இலிருந்து, 2.6.18 கெர்னலில், பயனர் புரோகிராம்களின் பூட்டுகளுக்கு இந்த வசதி இருக்கிறது, ஆனால் மியூடெக்ஸ் எனப்படும் அந்தப் பூட்டை உருவாக்கும்போது நீங்களே கேட்டு வாங்க வேண்டும். சி-யில் பல த்ரெட் எழுதி அவற்றுக்கு வெவ்வேறு ரியல்டைம் எண் கொடுக்கிற யாரும் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரியை.

இன்னொன்றையும் நாம் எப்போதும் குழப்பிக்கொள்கிறோம்: எவ்வளவு கிடைக்கும் என்பதும் எப்போது கிடைக்கும் என்பதும் வேறு வேறு. நேரலைக்கு மொத்தத்தில் 60 வீதம் கிடைத்தாலும் அது ஒவ்வொரு 40 மில்லிசெகண்டுக்குள்ளும் கிடைக்காவிட்டால் பிரயோசனமில்லை. நைஸ் எடை முதலாவதுக்குத்தான். 2023-இல் 6.6 கெர்னலில் சிஎஃப்எஸ்ஸின் இடத்துக்கு வந்த ஈஈவிடிஎஃப் என்ற ஷெட்யூலர், இரண்டாவதையும் கணக்கில் எடுக்கிறது. யோசனை 1995-இல் இயான் ஸ்டோய்கா, ஹுசைன் அப்தெல்-வஹாப் இருவரும் எழுதியது, லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா. தன் நியாயமான பங்கை இன்னும் எடுக்காதவர்கள் யார் என்று முதலில் பார்க்கும், அவர்களில் யாருக்குக் கெடு கிட்டவோ அவரை எடுக்கும். சிறிய துண்டு நேரம் கேட்பவருக்குக் கெடு கிட்ட வரும், ஆகவே அடிக்கடி, சீக்கிரம் கிடைக்கும், மொத்தப் பங்கு மாறாது. 6.12-இலிருந்து அந்தத் துண்டின் அளவைப் புரோகிராமே கேட்கலாம், 0.1 மில்லிசெகண்டிலிருந்து 100 வரை. உபுண்டு 24.04 வெளிவந்தபோது கொண்டுவந்த 6.8-இல் ஈஈவிடிஎஃப் உண்டு, துண்டு கேட்கும் வசதி இல்லை. எங்கள் பெட்டியில் ஓடுவதும் அந்த 6.8-தான்.

எல்லாம் சரி, நேரலை ஓடுகிறது, எஃப்எஃப்எம்பெக் மிச்சத்தில் பிழைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மத்தியானம் திரும்பவும் என்கோடிங் வரி அசைந்தது. இந்த முறை குழுக்களின் பங்கு ஒழுங்காகத்தான் இருந்தது. ஓகஸ்ட் மாதத்துத் திருமலை வெயில், குளிரூட்டி இல்லாத மண்டபம், பெட்டியின் காற்று வாசலில் கை வைத்தால் சுட்டது. மிச்சம் கிடைத்த சிபியுவையெல்லாம் எஃப்எஃப்எம்பெக் வழித்து எடுத்ததால் 8 த்ரெட்டும் ஒரு கணம்கூட ஓயவில்லை, சூடு ஏறியதும் சிபியு தன் கடிகார வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. ஷெட்யூலர் பங்குபோடுவது நேரத்தை, அந்த நேரத்துக்குள் எவ்வளவு வேலை நடக்கும் என்பது அதன் கையில் இல்லை. எடை 5-ஐ 1 ஆக்கினாலும் இது மாறாது. மிச்சத்தை எடுக்கக்கூடாது என்று சொல்லுகிற வேறொரு வரி தேவை, அதன் பெயர் சிபியுகோட்டா. ரெண்டர்.ஸ்லைஸுக்கு 200 வீதம், அதாவது இரண்டு த்ரெட் அளவுக்கு மேல் சும்மா கிடந்தாலும் தொடாதே என்று போட்டோம். வேகம் கொஞ்ச நேரத்தில் பழைய இடத்துக்கு ஏறியது.

விலை என்னவென்றால் காலைச் சடங்கின் கோப்புகள் மாறி முடிய வரவேற்பு தொடங்கி அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. தாலிகட்டு முடிந்து நேரலையை நிறுத்தியவுடனே கோட்டாவை எடுத்துவிட வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை, எல்லாரும் சாப்பிடப் போய்விட்டோம். இப்போது பொடியன் அதையும் எழுதி வைத்துவிட்டான்: ஓபிஎஸ் நேரலையைத் தொடங்கும்போது கோட்டா விழும், நிறுத்தும்போது போய்விடும்.